உடற்பயிற்சி நோட்டு: எழுதியே இளைப்பது எப்படி?

ஜிம்மில் ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, பத்தாம் நாளே போர்வைக்குள் கிடப்பவர்களைச் சோம்பேறி என்று ஊர் சொல்லும். நம்பாதீர்கள். அவர்கள் முறையாக நோட்டுப் போடவில்லை, அவ்வளவுதான். உடம்பை அதிகம் தொந்தரவு செய்யாமல் நோட்டைப் பராமரிக்கும் வழிகள் இதோ.

1. நல்ல நாள் பாருங்கள். நகைக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி ஆகாது. கெட்டி அட்டை நோட்டாக வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போடுங்கள். ஆடியில் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மார்கழி பனி. தையில் பொங்கல். சித்திரை வெயிலில் மனுஷன் வெளியே போவானா? மிச்சமிருக்கும் மாதங்களில் ஒன்றை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

2. கட்டம் போடுங்கள். தேதி, பயிற்சி, எடை, செட், மனநிலை, ஜிம் மாஸ்டரின் மனநிலை என ஆறு பத்தியாவது வேண்டும். ஸ்கேலும் நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போய்விடும். கோடு போட்டுப் போட்டுத் தோள் வலித்தால், 'தோள்: 1 செட்' என்று எழுதிக்கொள்ளலாம்.

3. இலக்கைப் பெரிதாக வையுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 22 நிமிஷம்கூட ஆகாது. இவ்வளவு சின்ன இலக்கு என்றால் நிறைவேறிவிடும் அபாயம் உண்டு. எனவே தினம் 10,000 அடி என்றே எழுதுங்கள். 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்கப் பிரபலப்படுத்திய எண் அது என்று யாராவது சொன்னால், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

4. எடையை அடிக்கடி பாருங்கள். குடித்த தண்ணீர், சாப்பிட்ட உப்பு, போகாத வயிறு இவற்றால் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே நேரத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். உண்மை ஊக்கம் தராது. ஆகவே தினம் நாலு முறை ஏறி நின்று, குறைந்ததை மட்டும் குறியுங்கள். கல்யாண விருந்துக்கு மறுநாள் 'மிஷின் ரிப்பேர்' என்று எழுதினால் போதும்.

5. காலிக் கட்டம் விடாதீர்கள். மனசை உறுத்தும். ஒரு மாதிரிப் பக்கம்:

திங்கள்: பஸ்கி 15, மூன்று செட். மாஸ்டர் தலையாட்டினார்.
செவ்வாய்: ஓய்வு. தசை வளர்கிறது.
புதன்: மாடிப்படி இறங்க முடியவில்லை. வளர்ச்சி உறுதி.
வியாழன்: அஷ்டமி.
வெள்ளி: ஜிம் வாசல் வரை போனேன். வண்டி நிறுத்த இடமில்லை.
சனி: ஷூவைத் துவைத்துக் காயப்போட்டேன்.
ஞாயிறு: அடுத்த வாரத்துக்குக் கட்டம் போட்டேன்.

ஏழு நாளும் நிரம்பிவிட்டது பாருங்கள்!

6. கெட்ட சகவாசம் வேண்டாம். சிலர் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி, தூக்கிய எடை, எத்தனை முறை என்று மூன்றே விஷயம் கிறுக்கி வைப்பார்கள். போன வாரம் 10 கிலோ டம்பெல்லை 8 முறை தூக்கியிருந்தால், அதைப் பார்த்துவிட்டு இந்த வாரம் 9 முறை. 12 முறை வந்ததும் 12.5 கிலோவை எடுத்து, மறுபடி 8-லிருந்து தொடங்குவார்கள். தூக்க முடியாமல் போன நாளையும் ஒளிக்காமல் எழுதுவார்கள். வியர்வை பட்டு மை கலைந்து, அந்த நோட்டைப் பார்க்கவே சகிக்காது. அதோடு நாலு மாதத்தில் பக்கம் தீர்ந்து, வேறு நோட்டு வாங்க வேண்டிவரும்.

நம் நோட்டில் அந்த வீண் செலவு இல்லை. வருஷத்தை மட்டும் அடித்துத் திருத்தினால், அடுத்த வருஷத்துக்கும் அப்படியே பொருந்தும்.