மயிலே, உன் விலாசம் எது?

கேள்வி: மயிலாப்பூரில் மயில் உண்டா சார்? (வாசகி, மந்தைவெளி)

பதில்: உண்டு. கபாலீஸ்வரர் கோயில் புன்னை மரத்தடிச் சந்நிதிக்குப் போங்கள். கற்பகாம்பாளே மயிலாக நின்று சிவனைப் பூஜிக்கிறாள். கல்லில்தான்!

அதே அம்பாள் அபயாம்பிகையாக மயிலாடுதுறையிலும் மயிலாகித்தான் தவம் செய்தாள் என்கிறது அந்த ஊர்த் தலபுராணம். இரண்டு ஊர்க்காரர்களும் இதற்காகச் சண்டை போட்டதாகத் தகவல் இல்லை. மாயவரம், மாயூரம் என்றெல்லாம் அழைக்கப்பட்ட அந்த ஊர் 2020-ல் தனி மாவட்டமாகவே ஆகிவிட்டது. மயிலாப்பூருக்கு மெட்ரோ பள்ளம்தான் கிடைத்தது. திண்டிவனம் பக்கத்து மயிலத்திலோ, சூரபத்மன் மயில் வடிவில் மலையாகவே கிடக்கிறான் என்பது ஐதீகம்.

மனிதர்களா? முருகன் புண்ணியத்தில் வீட்டுக்கொரு மயில்வாகனம் இருந்த காலம் உண்டு. இலங்கை வானொலியில் எஸ்.பி. மயில்வாகனனின் குரலுக்குத் தமிழ்நாடே காதைத் தீட்டியது. 1977-ல் '16 வயதினிலே' ஸ்ரீதேவி 'மயிலு' ஆனார்; சப்பாணி கூப்பிட்ட தொனியில் அந்தப் பெயரை இன்றும் மிமிக்ரி மேடைகள் விடுவதாயில்லை. நகைச்சுவைக்கு ஒரு மயில்சாமி. 2008-ல் சந்திரயான்-1 திட்ட இயக்குநராக இருந்தவரும் மயில்சாமி அண்ணாதுரைதான். அதில் மயில்சாமி அவருடைய அப்பா பெயர்.

1963-ல் தேசியப் பறவையான நிஜ மயிலைப் பார்க்க விராலிமலைக்கு பஸ் ஏறுங்கள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் தோகை விரிக்க இடம் ஏது? ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை!