இரண்டாவது பேய்

1973இல் 'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் பேய் பிடித்துக் கழுத்தைத் திருகிய சிறுமி லிண்டா பிளேரை நினைவிருக்கிறதா? 1975 பிப்ரவரியில் அவரையே 'சாரா டி.' என்ற படத்தில் குடிக்கு அடிமையாக்கி, அமெரிக்க வரவேற்பறைகளுக்கு அனுப்பியது என்.பி.சி. தொலைக்காட்சி. முதல் பேயை ஓட்டப் பாதிரியார்கள் வந்தார்கள். இரண்டாவது பேயோ வீட்டு அலமாரியில், விருந்தினருக்கென்று பாட்டிலில் பத்திரமாக இருந்தது. எந்தப் பாதிரியார் அதைத் தொடுவார்?

பொறுப்பில்லாத அப்பாவாக வருபவர் லாரி ஹேக்மன், பின்னாளைய 'டாலஸ்' வில்லன். நிஜத்திலும் தாராளமாகக் குடித்தவர். அதை ஒளிக்கவும் இல்லை. 1995இல் அவருக்குக் கல்லீரலையே மாற்ற வேண்டியிருந்தது. பாத்திரப் பொருத்தம் என்றால் இதுவல்லவா!

கதையில் ஒரு துளியும் குடிக்காமல் உயிரை விட்டது, சாராவின் நண்பனாக வரும் மார்க் ஹமிலின் குதிரைதான். போதையில் சாரா அதைச் சாலைக்கு ஓட்டிப்போனாள், வண்டி மோதியது. நமக்கு அழுகையும் குதிரைக்காகத்தான் அதிகம் வருகிறது.

'சாரா டி.'யின் இயக்குநர் ரிச்சர்ட் டோனர் மறு ஆண்டே 'தி ஓமன்' எடுத்து, சாத்தான் பக்கம் போய்விட்டார். புத்திசாலி. பிள்ளை கெட்டதற்குச் சாத்தான் காரணம் என்றால் எந்தப் பெற்றோரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.