இரும்புப் பெட்டி மேடையியல்: ஓர் அறிமுகம்

இரும்புப் பெட்டி பற்றிய ஆராய்ச்சி இதுவரை பூட்டோடு நின்றுவிட்டது. 1818-இல் ஜெரமையா சப், கள்ளச்சாவி நுழைந்தால் காட்டிக்கொடுக்கும் பூட்டைச் செய்தார். 1851-இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்த சமயம், ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்து காட்டி ஊரை வாய்பிளக்க வைத்தார். பெட்டி எதன்மேல் நிற்கிறது என்று மட்டும் அறிஞர் எவரும் குனிந்து பார்க்கவில்லை. இத்தனைக்கும் 1824-லேயே போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியாகிவிட்டது. வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின், லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். பூட்டு மேதைகள் பக்கத்தில் அவருக்கும் ஒரு பாய் விரிப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 500 கிலோ பெட்டி; அடிப்பாகம் 2 அடிக்கு 2 அடி. அதற்குப் போடும் கான்கிரீட் மேடை 4 அடிக்கு 4 அடி, கனம் 6 அங்குலம். ஆக 8 கன அடி. கன மீட்டருக்கு 2,400 கிலோ என்று பெருக்கினால் மேடை மட்டும் 540 கிலோவைத் தாண்டுகிறது. தாங்க வந்தது, தாங்கப்படுவதைவிடக் கனம்!

இன்னொரு கணக்கு இதைவிட விபரீதம். பெட்டியை வெறும் தரையில் வைத்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 135 கிராம் அழுத்துகிறது. 70 கிலோ வீட்டுக்காரர் வெறுங்காலோடு நின்றால், பாதங்களின் பரப்பை 400 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 175 கிராம். பூமிக்குப் பெட்டியைவிட அதன் சொந்தக்காரரே பாரம். மேடை போட்டபின் அதன் எடையையும் சேர்த்துப் பெட்டியின் அழுத்தம் 70 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. வீட்டுக்காரருக்கு மேடை போடும் வழக்கம் இல்லை.

அப்படியானால் மேடை எதற்கு? விடை தரைக்கு அடியில் இருக்கிறது. சுவர்களை எழுப்பி, நடுவில் மண்ணைக் கொட்டி, அதன்மேல்தான் தளம் போடுகிறார்கள். அந்த மண்ணுக்குத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டார்களா என்பது கட்டியவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். அனுபவசாலிக் கொத்தனார் கரணைக் கட்டையால் டைல்ஸைத் தட்டிக் காதைத் தாழ்த்துவார். ‘டொக்’ என்று உள்ளே காற்றுச் சத்தம் கேட்டால் தலையை ஆட்டுவார். வீட்டுக்காரர் நகர்ந்துவிடுவார், பெட்டி வருஷக்கணக்கில் அங்கேயே நிற்கும். ஒரு மூலை இறங்கினால் கனமான கதவு தானே ஆடித் திறக்கும், அல்லது சாத்த மறுக்கும்.

மாடிவாசிகள் கவனிக்க: இது தரைத்தளத்துச் சாஸ்திரம். இந்தியத் தர விதிகள் குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைத்தான் கணக்கில் கொள்கின்றன. அங்கே மேடை போடுவது, பெட்டிக்குத் துணையாக இன்னொரு பெட்டியை ஏற்றுவது. சுவர் ஓரமாக, உத்தரத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா என்று பொறியாளரைக் கேட்கலாம். வாஸ்துக்காரர் சொல்லும் கன்னி மூலையும் இரண்டு சுவர் சேரும் இடம்தான் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் சண்டை வராது.

மேடைக்கு வேறொரு வேலையும் உண்டு. எடை குறைந்த பெட்டியைத் திருடன் உடைக்க மெனக்கெடுவதில்லை, தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அதனால்தான் ஐரோப்பியத் தரவிதி இஎன் 1143-1, ஆயிரம் கிலோவுக்குக் குறைந்த பெட்டிகளில் தரையோடு முடுக்க ஆங்கர் துளை கட்டாயம் என்கிறது. போல்ட் பிடித்து நிற்க உருப்படியான கான்கிரீட் வேண்டாமா?

செய்முறை சுருக்கமானது. டைல்ஸை எடுத்து 4 அங்குலம் தோண்டி, திமிசு போட்டு, பலகை அடைத்து, கம்பி கட்டி, 1:1½:3 கலவை கொட்ட வேண்டும். சிமென்ட் இரண்டு மூட்டை போதும். 2 அங்குலம் தரைக்குமேல் நின்றால் துடைக்கிற தண்ணீர் பெட்டியின் அடியைத் துருப்பிடிக்க வைக்காது. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்க மறந்தால் கம்பி மண்ணில் படுத்துத் தூங்கும். ரசமட்டத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை கொத்தனாரை டீ குடிக்க அனுப்பக் கூடாது.

சிக்கல் க்யூரிங்கில் தொடங்குகிறது. சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. என்றால் 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். முழுப் பலத்துக்கு 28 நாள் கணக்கு. பரம ரகசியமாக வைக்கவேண்டிய பொருளுக்காக வாசலில் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. படுக்கையறையில் ஈரச்சாக்கு. “என்ன அண்ணி, உள்ளே ஏதோ கட்டுறீங்க போல?” என்று எதிர்வீட்டிலிருந்து விசாரணை. “கிரைண்டருக்கு மேடை” என்பது வழக்கமான பதில். படுக்கையறையில் எதற்குக் கிரைண்டர் என்று அண்டைவீட்டார் கேட்பதில்லை. அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

பிறகு ஒருநாள் குட்டி யானையில் பெட்டி வந்து இறங்கும். ஆறு பேர் குழாய் உருட்டி, “ஐலசா” போட்டு உள்ளே தள்ளுவார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவே நிற்கும். பாஸ்வேர்டு வைக்கும்போது மட்டும் வீட்டுக்காரர் எல்லாரையும் வெளியே போகச் சொல்வார்.