எர்த் வயரை இடியிலிருந்து காப்பது எப்படி?

டவர் உச்சியில் சும்மா ஓடும் அந்த ஒல்லிக் கம்பிதான் எர்த் வயர். கீழே இருக்கும் கரன்ட் கம்பிகளுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் அது வாங்கும். அதைக் காப்பாற்றும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், கோடை இடி முழங்கும்போது "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிப் பாருங்கள். எஸ்டிமேட் கேட்காத பாதுகாப்பு இது ஒன்றுதான்.

அதிலும் மனம் ஆறாதவர்கள் டவரின் எர்த் ரெசிஸ்டன்ஸை அளக்கலாம். 10 ஓமுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள். சித்திரை வெயிலில், மண் வெடித்துக் கிடக்கும்போது மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். ஐப்பசி அடைமழையில், டவர் காலடியில் தண்ணீர் நிற்கும்போது போங்கள். பாறைக்காடுகூடப் பவ்யமாக எண் சொல்லும். இன்னும் அழகான எண் வேண்டுமென்றால் எர்த் வயரைக் கழற்றாமலே அளந்துவிடுங்கள். வரிசையில் நிற்கும் மற்ற டவர்களெல்லாம் அந்தக் கம்பி வழியே கைகொடுத்து அளவை இறக்கிவிடும். ரிஜிஸ்டரில் பதிந்து கையெழுத்தும் போட்டாயிற்றா? மின்னலுக்கு மட்டும் ரிஜிஸ்டர் வாசிக்கத் தெரியாது. மண்ணில் இறங்க வழியில்லாமல் டவரின் வோல்டேஜை ஏற்றி, இன்சுலேட்டரைத் தாண்டி கரன்ட் கம்பிக்கே பாய்ந்துவிடும்.

பாறை நிலமென்றால் கவுன்டர்பாய்ஸ் கம்பியை நீளமாகப் புதைக்கச் சொல்வார்கள். மூடிய பள்ளத்தை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்து, கம்பி வாங்கும் விஷயம். எல்லோரும் கிலோ ஆம்பியரைக் கண்டு நடுங்குவார்கள். உண்மையில் இழையை உருக்குவது அந்த மைக்ரோ செகண்டு உச்சமல்ல. அதன் வாலாகப் பல மில்லி செகண்டு தொத்திக்கொண்டிருக்கும் சில நூறு ஆம்பியர்தான். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே ஃபைபர் வைத்த எர்த் வயர் வாங்கும்போது, வெளி அடுக்கில் தடித்த, அலுமினியம் போர்த்திய ஸ்டீல் இழை வேண்டும் என்று யாராவது நச்சரித்தால், மெல்லிய அலுமினிய அலாய் இழையாகப் பார்த்து வாங்குங்கள். நாலு இழை போனாலும் மிச்சம் நிறைய இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ரோந்து போன லைன்மேன் வந்து, "சார், ஒரு இழை அறுந்து பிரிஞ்சு தொங்குது" என்பார். "ஏழில் ஒன்றுதானேப்பா, அடுத்த ஷட்டவுனில் பார்ப்போம்" என்று அனுப்பிவிடுங்கள். காற்றடிக்கும் ஒரு ராத்திரியில் அது கரன்ட் கம்பியைத் தொட்டு லைன் ட்ரிப் ஆகும். காரணம் என்ற கட்டத்தில் 'இடி, மின்னல்' என்று எழுதி, மறுபடி சார்ஜ் பண்ணச் சொல்லுங்கள். அதற்கும் ட்ரிப் ஆனால், ஒரு காபி குடித்துவிட்டு அதே லைன்மேனைக் கூப்பிடுங்கள்.