குறைந்த செலவில் கூடுதல் குதிரைசக்தி

ஜி13பி என்பது சுசுகியின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அலுமினிய பிளாக், நான்கு சிலிண்டர், 74 மில்லிமீட்டர் போர், 75.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பெருக்கிக் கூட்டினால் 1298 சிசி. இந்தியாவில் இது 1994-இல் மாருதி எஸ்டீமில் 65 குதிரைசக்தியோடு வந்தது. சில ஆண்டுகளில் 16 வால்வும் எரிபொருளைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐயும் சேர, 85 ஆயிற்று. வண்டியின் எடையோ 900 கிலோவைத் தொடாது. மெல்லிய தகரத்தில் துடியான எஞ்சினைப் பூட்டினால் என்ன நடக்கும் என்பதை ராலிக்காரர்கள் காட்டு வழிகளில் அறிந்தார்கள், மற்றவர்கள் கோவையின் அவிநாசி சாலையில் அறிந்தார்கள். 2007 வாக்கில் எஸ்டீமின் உற்பத்தி நின்றது. காதல் பெருகியது அதற்குப் பிறகுதான்.

இந்த எஞ்சினைக் குறைந்த செலவில் பிரித்துக் கட்டிக் கூடுதல் குதிரைசக்தி பெறும் முறையே இங்குப் பொருள். குதிரைசக்தி பற்றிய பகுதி இறுதியில் வரும்.

முதலில் பட்ஜெட். பட்ஜெட் எனப்படுவது உரிமையாளர் வீட்டில் சொன்ன தொகை. இங்கு எடுத்துக்கொண்ட வண்டிக்கு அது 25,000 ரூபாய். பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், லேத் கூலி என்று பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்புறம் எழுதிக் கூட்டியபோது 41,000 வந்தது. தொகை அதிகமாகப் பட்டதால் மறுபடியும் கூட்டப்பட்டது. மூன்றாம் முறை, சில உருப்படிகளைக் கூட்டாமல் கூட்டியதில் 25,000 வந்தது. இந்தப் பழக்கத்தை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது நோயறிதல். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். குறைந்திருக்கும் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் போய்விட்டது, ஏறாவிட்டால் வால்வு. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இவ்வளவு சோதனையையும் செய்து முடித்தபின், புகையைத் தெருமுனையிலிருந்தே பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் அதே முடிவை ஓசியில் சொல்வார்.

பிரிப்பது எளிது. பிரிக்கும்போது ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடம் எழுதிய கவரில் போட்டு வைக்க வேண்டும் என்பது நூல்வழக்கு. பால் டப்பாவில் மொத்தமாகக் கொட்டி வைப்பது உலகவழக்கு. இந்தக் கட்டத்தில் மெக்கானிக் ஒரு வாக்கியம் சொல்வார்: “பிரிச்சது பிரிச்சாச்சுங்க, கிளட்ச்சையும் பாத்துரலாங்களா?” பின்னாலேயே வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், எஞ்சின் மவுன்டிங் வரும். டைமிங் பெல்ட்டில் மறுக்க இடமில்லை. மாற்றியே ஆக வேண்டும். மற்றவற்றையும் மறுத்தவர் இல்லை.

சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் ஏறி நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் மிகும். அங்கே நகத்தால் தடவினால் விளிம்பு தட்டும். கேஜ் வைத்துப் பார்த்தால் வட்டம் நீள்வட்டமாகியிருப்பதும் தெரியும். அப்போது சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். இதுவே ரீபோர். முதல் சுற்றுக்கு 0.25 மில்லிமீட்டர், அடுத்ததற்கு 0.50. பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுத்துவிட வேண்டும். அதை அளந்து, இடையில் மயிரிழை விட்டுத்தான் கடைவார்கள். பின்பு ஹோனிங் கல்லால் குறுக்குக் கோடுகள் இழுப்பார்கள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். கோவையில் இந்த வேலைக்கு ஆள் பஞ்சம் இல்லை. மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளைக் கட்டிய எஸ். கரிவரதனின் ஊர். செட்டிபாளையத்தில் 2003 முதல் அவர் பெயரில் ஓடுதளம் இருக்கிறது. இந்த வியாதி இங்கே பரவியதற்குக் காரணம் தேட வேண்டாம்.

லேத் வேலை ஒழுங்காக முடிந்தது. சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் கழித்து, ஆனால் ஒழுங்காக.

இனி உதிரிபாகங்கள். இத்துறையில் அடிப்படையான சொல் ‘ஒரிஜினல்’. இதைப் புரிந்துகொள்ளாமல் கவுண்டரில் கை வைப்பது ஆபத்து. “ஒரிஜினலுங்க” என்று மொட்டையாகச் சொன்னால் கடைக்காரர் இன்னும் பொருளைப் பார்க்கவில்லை என்று அறிக. “ஒரிஜினல்தானுங்க” என்றால் பார்த்துவிட்டார். இலக்கணத்தில் தேற்றப்பொருள் தரும் ‘தான்’, கவுண்டரில் ஐயப்பொருள் தரும். “ஒரிஜினலேதானுங்க” என்று ஏகாரமும் சேர்ந்தால் ஐயம் நீங்கிவிடும். வாங்குபவர் மெல்ல வெளியேறலாம். “ஒரிஜினல் மாதிரிங்க” என்பவர் நேர்மையாளர். அவரிடம் எதையும் வாங்கலாம், ரிங்கைத் தவிர. “கம்பெனிக்குப் போறதே இதுதானுங்க, டப்பா மட்டும் இல்லீங்க” என்பது தனி வகை. அந்த டப்பா எங்கே போனது என்பதற்கு விடை அடுத்த வகையில் கிடைக்கும்: “ஒரிஜினல் டப்பாங்க.” இங்கே ஒரிஜினல் என்னும் அடை டப்பாவைச் சார்ந்தது, உள்ளிருப்பதைச் சார்ந்ததன்று. பள்ளியில் தொகைநிலைத் தொடர்களைக் கவனமாகப் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் பணம் மிச்சமாகும்.

நாட்டுப்பெயர்களும் தரப்பெயர்களாகப் பயிலும். ‘ஜப்பான்’ என்பது விலையைக் குறிக்கும். ‘தைவான்’ என்றால் மேற்கொண்டு கேள்வி வேண்டாம் என்று பொருள். ‘டெல்லி மால்’ என்பது மட்டுமே காரணப்பெயர். ‘டூப்ளிகேட்’ என்ற சொல்லுக்கு ஒரு விதி உண்டு: அது எப்போதும் எதிர்க்கடைச் சரக்குக்கே பெயர். எல்லாவற்றுக்கும் மேல், “ஒரிஜினல் எதுக்குங்க, இது அதைவிட நல்லாருக்கும்” என்பது. ஒரிஜினலைவிட நல்லதை ஒரிஜினலைவிடக் குறைந்த விலைக்குச் செய்பவர் ஏன் இன்னும் சொந்தமாகக் கார் கம்பெனி வைக்கவில்லை என்று உரிமையாளர் ஒருமுறை கேட்டார். டீ வந்தது, பதில் வரவில்லை.

மாறாக, உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இந்தக் குழப்பமே கிடையாது. அங்குள்ள எல்லாமே ஒரிஜினல். எஸ்டீமிலிருந்து கழற்றியது எஸ்டீமுடையதாகத்தானே இருக்க வேண்டும்? வால்வு கவர், பிராக்கெட், இன்டேக் மேனிஃபோல்டு போன்றவற்றை அங்கே தைரியமாக வாங்கலாம். ஆனால் பழைய ரிங் வாங்கக் கூடாது. தேய்ந்த ரிங்குக்குப் பதில் இன்னொருவர் தேய்த்த ரிங் என்பது சிக்கனத்தில் சேராது.

ஆகவே ரிங் புதிதாக வாங்கப்பட்டது. பிஸ்டனும் ரிங்கும் ஒரே கிட்டாகக் கிடைக்கும். தனித்தனியாக வாங்கினால் 600 ரூபாய் மிச்சம் என்று உரிமையாளர் கண்டுபிடித்தார். பிஸ்டன் ஒரு கடை, ரிங் வேறு கடை. பெயர் வேண்டாம். அங்கே சொல்லப்பட்டது “ஒரிஜினலேதானுங்க.” ஏகாரம் காதில் விழுந்தும் உரிமையாளர் ரசீதை வாங்கிக்கொண்டார். இந்த வரி எழுதப்படும்போது அந்த ரசீது கட்டுரையாளரின் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றும்முன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையிலுள்ள சந்தை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். இந்த போருக்கு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் சந்து இருந்தால் சரி. சூட்டில் ரிங் நீளும்போது அந்தச் சந்து சுருங்கும். போன சனிக்கிழமை மாலை அளந்தபோது சந்தே இல்லை. ஒரு முனை மற்றதன்மேல் கால்மேல் கால் போட்டிருந்தது. டப்பாவில் அச்சிட்டிருப்பது 0.25. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்ததில், ரிங்கின் முனையருகே பொடியாகப் பொறித்திருப்பது 50. விட்டம் கால் மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் கூடும். உட்கார இடமில்லாத ரிங் சிலிண்டர் சுவரைக் கீறி, அந்த ஒழுங்கான லேத் வேலையை ஒரே நாளில் கெடுத்துவிடும்.

திருப்பிக் கொடுக்கப் போனால், “கவரப் பிரிச்சுட்டீங்களே” என்கிறார்கள். பிரிக்காமல் உள்ளே இருப்பதை அறியும் வழி, காணாமல் போன பொருளுக்கு மை போட்டுப் பார்ப்பவரிடம்தான் இருக்கும். மெக்கானிக்கிடம் இரண்டு தீர்வுகள் இருந்தன. ஒன்று, “அரம் போட்டுரலாங்க.” ரிங்கின் முனையை அரத்தால் ராவிச் சந்தை உண்டாக்கலாம் என்பது உண்மை. ஆனால் வேறு விட்டத்துக்கு வார்த்த வளையம் சுவரில் முழுதாகப் பதியாது. புகை பழையபடி வரும். மற்றது, “0.50 பிஸ்டன் வாங்கி மறுபடி போர் பண்ணிரலாங்க. ரிங்குதான் ஒரிஜினலாச்சே.” ஏழாயிரம் ரூபாய்க்குப் பிஸ்டனும் அதற்குமேல் ரீபோர் கூலியும் கொடுத்து, தவறாக வந்த ரிங்குக்கு மரியாதை செய்யும் யோசனை இது. உரிமையாளர் இதைப் பத்து நிமிடம் யோசித்தார் என்பதை மறைப்பதற்கில்லை.

பொருத்துதலில் சொல்ல அதிகம் இல்லை. பேரிங்கில் ஆயில் தடவ வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே மூச்சில் இறுக்காமல் படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் கேட்டால் மெக்கானிக் தன் மணிக்கட்டைக் காட்டுவார். வாடகைக்காவது எடுத்துவிடுவது நல்லது.

குதிரைசக்தி. 0.25 ரீபோரினால் எஞ்சின் 1298 சிசியிலிருந்து 1307 சிசி ஆகிறது. கூடியது ஒன்பது சிசி. இருமல் மருந்து மூடி ஒன்று நிரம்பாது. போர்ட்டிங், கேம், ஹெடர் போன்ற சக்தி கூட்டும் வேலைகள் பற்றிய பகுதிக்கு முன்பு எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் ஓட ரிங் வேண்டும்.

ஜி13பிக்கு 0.25 ஓவர்சைஸ் ரிங் செட் யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும். டப்பா தேவையில்லை.