நானும் சேர்ந்துகொள்கிறேன்

இந்தப் பத்தியை எழுதும் பெங்களூரு அல்சூர் ஆசாமி கடுப்பில் இருக்கிறார். நேற்று ராத்திரி குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒருவர், "லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது" என்று போட்டார். சரி. உடனே "ஆமாம்", "எங்களுக்கும்", "பிளஸ் ஒன்", ஒரு கும்பிடு, மறுபடி "பிளஸ் ஒன்". லிஃப்டில் கால் வைத்தே பார்க்காத தரைத்தளத்துக்காரரும் ஒரு "பிளஸ் ஒன்" போட்டார். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டவர் மட்டும் யாருமில்லை. நம்மவரும் தன் பங்குக்கு ஒரு கட்டைவிரலை வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

இத்தனைக்கும் அவர் எழுத ஒப்புக்கொண்டது வேறு. 2025 ஏப்ரல் 3 அன்று காலை 11 மணிக்குக் கூடிய மாநிலங்களவை, மறுநாள் விடிகாலை 4 மணி தாண்டித்தான் எழுந்தது. வக்ஃப் திருத்த மசோதா 128-க்கு 95 என்று நிறைவேறிய இரவு. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கட்டுரை. அவை வழக்கமாக எப்படி நடக்கும் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு உள்ளே போகலாம் என நினைத்தார்.

காலையில் மந்திரிகள் எழுந்து, தங்கள் பெயரில் உள்ள காகிதங்களை மேஜையில் வைப்பதாகச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். அடுத்து, உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் நேரமில்லா நேரம். முன்பெல்லாம் 11 மணிக்குக் கேள்வி நேரம்தான். அது தினமும் அமளியில் அடிபட்டுப் போகிறதே என்று, ஹமீத் அன்சாரி தலைவராக இருந்தபோது, 2014 நவம்பரில் பகல் 12 மணிக்கு மாற்றினார்கள். அமளியும் 12 மணிக்கு வரப் பழகிக்கொண்டது.

நேரமில்லா நேரத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம். முடிந்தால் மைக் தானாகவே அணைந்துவிடும். பெங்களூரு புறநகர் ரயிலைப் பற்றி ஒருவர் பேசுகிறார் என்று வையுங்கள்: 148 கிலோமீட்டர், 2022 ஜூனில் அடிக்கல், இன்னும் ரயிலைக் காணோம். பேசி உட்காருகிறார். விஷயம் முடிந்ததா? இனிமேல்தான் ஆரம்பம். "ஐயா, மாண்புமிகு உறுப்பினர் எழுப்பிய விஷயத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன்." கேரளத்துக்காரர் சேர்ந்துகொள்கிறார். அஸ்ஸாம்காரர் சேர்ந்துகொள்கிறார். ஒடிசாக்காரருக்குப் பெங்களூரு எலஹங்காவில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது. இது கல்யாண மொய். இன்று அவர் இங்கே எழுதினால்தான், நாளை மகாநதிக்கு இவர் அங்கே எழுதுவார். "எல்லார் பெயரும் பதிவாகும், உட்காருங்கள்" என்கிறார் தலைவர். பதிவாகும் என்றதும் இன்னும் நாலு கை உயர்கிறது. பின்வரிசைக்காரர் எந்த விஷயம் என்று பக்கத்தில் விசாரித்துவிட்டுச் சேர்ந்துகொள்கிறார், முன்வரிசைக்காரர் விசாரிக்காமலே. அவைக் குறிப்பைப் புரட்டினால் ரயிலுக்குக் கொஞ்சம் இடம், சேர்ந்துகொண்டவர்களுக்கு ஊர்ப்பட்ட இடம். மொய் நோட்டிலாவது பெயருக்கு எதிரே தொகை இருக்கும்.

245 இடங்களில் கர்நாடகத்துக்கு 12. அந்த 12 பேரும் எழுந்தால் நியாயம் என்று விட்டுவிடலாம். தேவகௌடா, கார்கே, நிர்மலா சீதாராமன் மூவரையும் அனுப்பிவைத்தது இந்த மாநிலம்தான். மூவரும் ஒரே விஷயத்தில் சேர்ந்துகொண்டால் அதைச் செய்தியாகவே போடலாம். நம்மவரின் எரிச்சல் அதில் இல்லை. நேரமில்லா நேரத்தில் எழுப்பியதற்கு மந்திரி அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவையே திரண்டு சேர்ந்துகொண்டாலும் அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு போகலாம். வரி கட்டுகிறவன் இதைச் சன்சத் டிவியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 3-க்கு இனி பத்திரிகையில் இடமில்லை. ஒரு விண்ணப்பத்துக்கு மட்டும் இருக்கிறது. ஊரில் விழா, கூட்டம் நடத்துகிற பெரியவர்களே, அந்தத் தானாக அணையும் மைக்கில் ஒன்றை வாங்கிப் போடுங்கள். பேச்சாளருக்கு மூன்று நிமிடம் வையுங்கள். "எனக்கு முன் பேசியவர் சொன்னதையே நானும்" என்று தொடங்குகிறவருக்கு முப்பது விநாடி தாராளம்.