ஒரு சுவர், இரண்டு மீட்டர்

சென்னை வீட்டு ஓனர்கள் யாரையும் 12 மாதத்துக்கு நம்புவதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். செலவு, அலைச்சல், அதற்கு மேல் கல்யாணம் பண்ணிக்கொண்டது போல ஒரு கலக்கம். எனவே ஊர் கண்டுபிடித்த உபாயம் 11 மாத ஒப்பந்தம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், காலம் எவ்வளவானாலும் ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும் என்கிறது. இருந்தாலும் 11 போகவில்லை. சட்டத்தைக் காலி செய்துவிட்டுப் பழக்கத்தில் குடியேறிவிட்டது.

அட்வான்ஸ் கதையும் இதேதான். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லும் அந்தச் சட்டமே, இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய என்று கொல்லைக் கதவையும் திறந்து வைத்திருக்கிறது.

அந்தக் கதவு வழியாகக் குடிவந்தவர்கள்தான் வேளச்சேரி அபார்ட்மென்ட் ஒன்றின் இரண்டாம் மாடியில் பக்கத்துப் பக்கத்து வாசலில் இருக்கும் இருவரும். வாட்ச்மேனுக்கு அவள் எஸ்-ஒன் மேடம், அவன் எஸ்-டூ சார். நமக்கும் அதுவே போதும். நிஜப் பெயரைப் போட்டால் கும்பகோணத்திலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் ஒரே நேரத்தில் போன் வரும்.

எஸ்-2 சென்னைக்கு வந்து ஆறு வருஷம், மூன்று வீடு. எந்தச் சுவரிலும் ஓர் ஆணி அடித்ததில்லை. காலண்டர் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்திருக்கும். சுவர்க் கடிகாரம் ஜன்னல் திண்டில் மல்லாந்திருக்கும். கட்டில், சோபா, வாஷிங் மெஷின் மூன்றும் மாத வாடகைக்கு எடுத்தவை. எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்பது கொள்கை. எங்கே என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

எஸ்-1 இதில் இன்னும் நுணுக்கமானவள். செல்போன் ரீசார்ஜ் 28 நாளைக்குத்தான். 30 நாள் பேக் ஒன்றாவது தந்தே தீர வேண்டும் என்று 2022-இல் டிராய் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டபோது, ஊரே மகிழ்ந்தது. அவளுக்கு அந்த இரண்டு நாள் கூடுதல் பாரமாகப் பட்டது. ஜிம்மில் வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் நல்ல தள்ளுபடி. மாதா மாதம்தான் கட்டுவாள். நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்த பிறகு நின்றுபோன கல்யாணம் அவளுடையது. மண்டபக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. மாப்பிள்ளையை அவள் என்றைக்கோ மறந்துவிட்டாள், மண்டபக்காரரை மறக்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள் அடுத்தடுத்த கதவில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் எப்போதோ அளந்து வைத்துவிட்டார்கள். ஜேம்ஸ் போஸார்ட் என்ற சமூகவியலாளர், 1931-இல் ஃபிலடெல்ஃபியாவில் வழங்கப்பட்ட 5,000 திருமண உரிமங்களை எடுத்துவைத்துக்கொண்டு, பெண் வீட்டுக்கும் பிள்ளை வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் ஐந்து தெருவுக்குள் இருந்தார்கள். மன்மதனுக்கு நடக்கச் சோம்பல். பிறகு எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கரும் இரு கூட்டாளிகளும் கதவு கதவாகக் கணக்கெடுத்து 1950-இல் வெளியிட்டார்கள்: அடுத்த கதவுக்காரரை நண்பராகச் சொன்ன விகிதம் 41 சதவீதம், ஒரு கதவு தள்ளினால் 22, தாழ்வாரத்தின் மறுகோடி என்றால் 10. அதே ஃபெஸ்டிங்கர்தான் 1957-இல், மனதில் இருப்பதும் செய்கையும் முட்டிக்கொண்டால் மனிதர்கள் காரணங்களைத் தயாரித்துச் சமாளிப்பார்கள் என்ற புகழ்பெற்ற கோட்பாட்டையும் எழுதினார். முதல் ஆராய்ச்சிக்கும் இரண்டாவதற்கும் என்ன சம்பந்தம் என்று சந்தேகப்படுகிறவர்கள் வேளச்சேரிக்கு வரலாம்.

ஆனால் எம்.ஐ.டி.யில் இல்லாத ஒரு வசதி வேளச்சேரியில் உண்டு. வெள்ளம்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே நிதானமாக நகர்ந்து, இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுப் போனது. காரப்பாக்கத்தில் அமீர் கானும் விஷ்ணு விஷாலும் படகில் மீட்கப்பட்ட அதே வாரம். வேளச்சேரி இரண்டாம் மாடிக்குப் படகும் வரவில்லை, நடிகரும் இல்லை. கீழே பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாளைக்குக் கரன்ட் கிடையாது. எஸ்-2விடம் இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. கரன்ட் இல்லாத ஊரில் அது வழவழப்பான ஒரு பலகை. எஸ்-1 வீட்டில் கேஸ் இருந்தது; குடிதண்ணீர் இல்லை. அவன் வீட்டில் உடைக்காத 20 லிட்டர் கேன் ஒன்று நின்றது. ஆவின் பால் கிடைக்காமல் நகரமே தெருத்தெருவாக அலைந்த அந்த நாளில், அலமாரியின் பின்வரிசையில் பால் பவுடர் வைத்திருந்தவள் அவள்.

அவன் கேனைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டினான். "மேடம், வெந்நீர் மட்டும் போட்டுத் தர முடியுமா?"

"டீயே போடறேன். ஆனா இந்த ஒரு தடவைதான்."

அந்த ஒரு தடவை இன்னும் முடியவில்லை.

தண்ணீர் வடிந்தது, ஏற்பாடுகள் வடியவில்லை. மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை யார் அணைப்பது என்பதில் தொடங்கி, அவன் ஊருக்குப் போனால் துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பது வரை போனது. (ஆணி அடிக்காதவன் துளசி வைத்திருந்தான். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளக்கம்.) மாற்றுச் சாவி இரண்டும் இடம் மாறின. பால் விஷயத்தில் அவன் நீலப் பாக்கெட் கட்சி, அவள் ஆரஞ்சு. 2024 பொங்கலுக்குள் இரண்டு வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரு லிட்டர் பச்சை என்று ஒப்பந்தம் ஆகிவிட்டது. கல்யாணமான தம்பதிகள் சிலர் இந்த முடிவுக்கு வரப் பத்து வருஷம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் யாராவது கேட்டால் இருவரும் ஒரே பதிலைத் தனித்தனியாகச் சொல்வார்கள்: "சும்மா, நெய்பர்ஸ்."

இதை நம்பாத முதல் ஆள், இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் அக்கா. எஸ்-1இல் நான்கு தட்டு, எஸ்-2வில் கழுவ ஒன்றுமே இல்லை என்ற நிலவரத்தை அவர் தினமும் காலை ஏழரைக்கு நேரில் பார்க்கிறார். இருந்தும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எஸ்-1 ஒருநாள் நன்றி சொன்னபோது அவர் கொடுத்த விளக்கம் நேர்மையானது. "நீங்க ஒண்ணாயிட்டா எனக்கு ஒரு வீட்டுச் சம்பளம் போயிடும் கண்ணு."

இரண்டாவது ஆள் அசோசியேஷன் செக்ரட்டரி. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி; எந்தக் கணக்கும் டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராதவர். வாட்ஸப் குழுவில் அவர் பெயர் குறிப்பிடாமல் ஒரு செய்தி போட்டார்: குடியிருப்பின் 'குடும்பச் சூழல்' காக்கப்பட வேண்டும் என்று. அதற்கு முதல் கட்டைவிரல் போட்டது எஸ்-2. தன்னைத்தான் சொல்கிறார் என்று அவனுக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது.

சினிமாவில் இது எவ்வளவு சுலபம்! 1960-இல் வந்த 'அடுத்த வீட்டுப் பெண்'ணில், பாடத் தெரியாத டி.ஆர். ராமச்சந்திரன், நண்பன் தங்கவேலுவின் குரலை இரவல் வாங்கி வாயசைத்தே அஞ்சலிதேவியைக் கவிழ்த்துவிடுவார். அந்தப் படத்துக்கு மூலமான வங்கக் கதைதான் 1968-இல் இந்தியில் 'படோசன்' ஆயிற்று. அன்றைக்குக் குரல், இன்றைக்கு வைஃபை பாஸ்வேர்டு. இரவல் இல்லாமல் அண்டை வீட்டுக் காதல் ஏது? 2015-இல் மணிரத்னம் கல்யாணத்தில் நம்பிக்கை இல்லாத இருவரைச் சேர்ந்து குடியிருக்க வைத்து 'ஓ காதல் கண்மணி' எடுத்தார். கெட்டிக்காரர், கதையை மும்பையில் வைத்துக்கொண்டார். வேளச்சேரியில் வைத்திருந்தால் இடைவேளைக்கு முன்பே ஜெனரல் பாடி மீட்டிங் போட்டிருப்பார்கள்.

செக்ரட்டரிக்கு சட்டமும் கைகொடுக்கவில்லை. வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று நடிகை குஷ்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. அதே ஆண்டு, கோவைப் பக்கத்திலிருந்து போன வேலுசாமி–பச்சையம்மாள் வழக்கில், எது திருமணம் போன்ற உறவு என்பதற்கு நீதிமன்றம் சில நிபந்தனைகளை வரிசைப்படுத்தியது: ஊருக்குக் கணவன் மனைவி போலத் தெரிய வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், இப்படி. வார இறுதிகளை மட்டும் சேர்ந்து கழித்தால் போதாது என்றும் தெளிவுபடுத்தியது. எஸ்-1 இதை முழுக்கப் படித்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். "நாம இதுல எதுலயும் வரல." அவன் மோர்க்குழம்பைக் கிளறிக்கொண்டே தலையாட்டினான். அன்று புதன்கிழமை.

அடுத்த அக்டோபரில் வானிலை மையம் கனமழை எச்சரிக்கை கொடுத்தது. போன வருஷம் சூடுபட்ட வேளச்சேரிவாசிகள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திய காட்சியை நாடே டிவியில் பார்த்தது. அந்த வரிசையில் எஸ்-1இன் பழைய ஹேட்ச்பேக்கும் இருந்தது. இடம் பிடிக்க அதிகாலையிலேயே போனவன் எஸ்-2. ஒரு காருக்குப் பாதுகாப்பு தேடி மழையில் நிற்பவனைப் பார்த்து, பக்கத்துக் கார்க்காரர் பேச்சுக் கொடுத்தார். "உங்க வண்டியா?" "இல்ல, பக்கத்து வீட்டுது." அந்த மனிதர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல பக்கத்து வீடு" என்றாராம்.

எஸ்-1இன் அம்மா வந்து தங்கியது அந்தத் தீபாவளிக்கு. இரண்டாம் நாள் காலை காபி போடும்போது எஸ்-2 கதவைத் தட்டாமல் சாவி போட்டு உள்ளே வந்து, மோட்டாரை அணைத்தாயிற்று என்று அறிவித்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

"யாருடி அது?"

"பக்கத்து வீடும்மா."

"நான் ரெண்டு நாளாத் தேடுறேன், எனக்கே கிடைக்கல அந்த டப்பா."

அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது வாட்ச்மேனிடம் மட்டும், எஸ்-டூ சாருக்கு எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

நிஜமான நெருக்கடி, எதிர்பார்த்தபடியே, வாடகையில் வந்தது. இரண்டு ஒப்பந்தங்களும் புதுப்பிக்க வேண்டிய நேரம். இரண்டு ஓனர்களும் ஏற்றிக் கேட்டார்கள். இந்த இடத்தில் எந்தக் காதலர்களும் கணக்குப் போடுவார்கள். ஒரு வீட்டைக் காலி செய்தால் மாதம் 18,000 ரூபாய் மிச்சம். எஸ்-2 இதை எக்செல்லில் போட்டுக் காட்டினான். காதலைச் சொல்வதற்கு அவன் துணிந்த அதிகபட்ச வடிவம் அது.

எஸ்-1 அட்டவணையைக் கவனமாகப் பார்த்தாள். "ஈபியை விட்டுட்டியே."

தமிழ்நாட்டில் அப்போது ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு மீட்டர் என்றால் 200. ஒரே வீடு ஆனால் 100 போய்விடும். அதோடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படி எகிறும். இரண்டு பேர், இரண்டு லேப்டாப், மே மாத ஏசி என்றால் தாண்டாமல் இருக்காது. இருவரும் மும்முரமாகக் கூட்டிக் கழித்தார்கள். எப்படிப் போட்டாலும் இழப்பு இரண்டு மாதத்துக்குச் சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. எதிர்ப்பக்கம் 36,000 நின்றது. இருந்தாலும் 'மின்சாரத்தை யோசிக்கணும்' என்ற தீர்மானத்தோடு இரண்டு ஒப்பந்தங்களும் தனித்தனியாகப் புதுப்பிக்கப்பட்டன. ஃபெஸ்டிங்கர் இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

சிறப்புத் திருமணச் சட்டத்தையும் எஸ்-1 ஒருமுறை படித்தாள், பொது அறிவுக்காக. 1954-ஆம் ஆண்டுச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுத்தால் 30 நாள் அலுவலகத்தில் ஒட்டிவைப்பார்கள். வீட்டைக் காலி செய்ய அவள் ஓனர் கேட்பது இரண்டு மாத நோட்டீஸ். அவளுக்கு மிகவும் பிடித்த விதி வேறு. நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்கவில்லை என்றால் அது தானாகவே காலாவதியாகிவிடும். வேண்டுமானால் மறுபடி புதிதாகக் கொடுத்துக்கொள்ளலாம். "பரவால்ல, ரீசார்ஜ் மாதிரிதான் வெச்சிருக்காங்க" என்றாள். எஸ்-2 அதைக் கேட்டு ஏன் அன்று முழுவதும் சீட்டியடித்துக்கொண்டிருந்தான் என்பதை அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

2025 மழைக்காலத்துக்கு முன்பு இருவரும் பங்கு போட்டு ஓர் இன்வெர்ட்டர் வாங்குவதென்று முடிவானது. அவள் வீட்டில் வைத்து, சுவரில் துளை போட்டு, அவன் வீட்டு ஃபேனுக்கும் ஒரு லைன் இழுப்பது. துளை போட ஓனரிடம் அனுமதி வாங்கியது, ஆணிக்கே அனுமதி கேட்காத எஸ்-2. தரமணி லிங்க் ரோடு கடையில் பேட்டரி பார்த்தார்கள். டியூபுலர் பேட்டரி, 60 மாத வாரன்டி.

கடைக்காரர் கார்டை எடுத்து பேனாவைத் திறந்தார். "யார் பேர்ல சார் போடறது?"

எஸ்-2 எஸ்-1ஐப் பார்த்தான். எஸ்-1 பேட்டரியைப் பார்த்தாள். "ரெண்டு பேர் பேர்லயும் போடுங்க."

"ரெண்டு பேர் எழுத இடம் இல்ல மேடம். சார் பேரைப் போட்டு 'அண்ட் ஃபேமிலி'ன்னு எழுதிடட்டுமா?"

"மேடம் பேரைப் போட்டு 'அண்ட் ஃபேமிலி'ன்னு எழுதுங்க" என்றான் எஸ்-2.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அஞ்சு வருஷத்துக்குள்ள பேர் மாத்திக்கலாமா?"

"வாரன்டிய யாருக்கும் மாத்த முடியாதுங்க."

"சரி, எழுதுங்க" என்றாள் எஸ்-1. "ஸ்டாம்ப் நல்லா அழுத்தி வைங்க. போன தடவை மிக்ஸிக்கு அழிஞ்சு போச்சு."